பச்சிளங்குழந்தையின் மூளைப் பகுதிகளை எம்ஆர்ஐ படத்தில் பிரித்துக் குறிப்பது: பெரியவர்களுக்கான மென்பொருள் ஏன் தடுமாறுகிறது?

படிமவழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் கணினிவழிப் படிம ஆய்வில் முனைவர் பட்டத்துக்காக உழைத்து வருகிறேன். கர்ப்பத்தின் 32-ஆம் வாரத்துக்கு முன்பே பிறந்து, கர்ப்பக் கணக்குப்படி 40 வாரம் நிறையும் தறுவாயில் எம்ஆர்ஐ எடுக்கப்பட்ட குழந்தைகளின் மூளைப் படங்கள், அடையாளங்கள் யாவும் நீக்கப்பட்ட நிலையில் எங்கள் ஆய்வுக்குக் கிடைத்துள்ளன. 3 டெஸ்லா கருவியில் எடுக்கப்பட்ட டி1, டி2 (ஒரே திசுவை வெவ்வேறு வெளிச்சத்தில் காட்டும் எடுப்பு முறைகள்) ஆகிய இருவகைப் படங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு மூளையையும் புறணி (மூளையின் வெளி அடுக்கு), வெண்பொருள் (அதற்கு அடியில் உள்ள நரம்பிழைத் திரள்), தாலமஸ் (மூளையின் நடுவில் உள்ள பகுதி), சிறுமூளை எனப் பிரித்து அவற்றின் கனஅளவைக் கணக்கிடுவதும், இயன்றால் புறணியைச் சிறு பகுதிகளாக வகுப்பதும் என் வேலை.

பெரியவர்களின் மூளைக்காக உருவான ஃப்ரீசர்ஃபர் மென்பொருளில் டி1 படங்களைக் கொடுத்துப் பார்த்தேன். புறணியின் எல்லை என்று அது வரைந்த கோடு பல இடங்களில் வெண்பொருளுக்குள் புகுந்து செல்கிறது. சில குழந்தைகளுக்குக் கணக்கு பாதியிலேயே நின்றுவிடுகிறது. படத்தின் வெளிச்ச மதிப்புகளைத் தலைகீழாக்கிக் கொடுத்தால் போதும் என்கிறார் உடன் ஆய்வு செய்பவர் ஒருவர். அது சரிதானா? இல்லையென்றால் எந்த அட்லஸிலிருந்து, அதாவது பகுதிகள் முன்பே குறிக்கப்பட்ட எந்த மாதிரி மூளையிலிருந்து தொடங்குவது?

வெண்ணிழல்

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நரம்புக் கதிரியல் மருத்துவன் என்ற முறையில் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களின் டி1 படத்தில் வெண்பொருள் வெளுத்தும் புறணி அதைவிடக் கருத்தும் தெரிவதற்கு, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்னும் கொழுப்பு உறையே முதன்மைக் காரணம். பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலான இடங்களில் அந்த உறை இன்னும் உருவாகவில்லை. வெண்பொருளில் நீரே மிகுந்திருக்கிறது. ஆகவே டி1 படத்தில் வெண்பொருள் கருத்தும் புறணி வெளுத்தும் தோன்றும். டி2 படத்தில் அதற்கு நேர்மாறாக இருக்கும். 'வெளுத்திருப்பது வெண்பொருள்' என்ற முன்முடிவோடு எழுதப்பட்ட மென்பொருள் இந்தப் படத்தில் தடம் புரள்வதில் வியப்பில்லை.

தலைகீழாக்கினால் ஏன் தீராது என்றால், மூளை முழுவதும் ஒரே சீராகத் தலைகீழாக இருப்பதில்லை. நிறைமாத அளவில் மூளைத்தண்டிலும், தாலமஸின் ஒரு பகுதியிலும், இயக்க நரம்பிழைகள் செல்லும் இன்டர்னல் கேப்ஸ்யூலின் பின்பகுதியிலும், நடுப்பள்ளத்தை ஒட்டிய பட்டையிலும் மயலின் படியத் தொடங்கியிருக்கும். அந்த இடங்கள் மட்டும் பெரியவர்களின் மூளையைப் போல நடந்துகொள்ளும். அவற்றுக்கு ஒரு விரற்கடை தள்ளி இருப்பவை எதிர்மாறாக நடந்துகொள்ளும். நீங்கள் படத்தைத் திருப்பிப் போட்டால், முன்பு தப்பாக இருந்த நெற்றி மடல் சரியாகி, முன்பு சரியாக இருந்த இடங்கள் கெட்டுப்போகும்.

ஏறத்தாழ 6 மாத வயதில் நிலைமை இன்னும் மோசம். அப்போது புறணியும் வெண்பொருளும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடுகின்றன. கண்ணுக்கே எல்லை பிடிபடாது. அந்த வயதுப் படங்களைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே 2017-இல் ஐசெக் என்ற பெயரில் ஒரு போட்டி நடந்தது. உங்கள் குழந்தைகள் 40 வாரத்தில் இருப்பது ஒருவகையில் நல்வாய்ப்பு.

கனச்சதுரம்

நான் படிமச் செயலாக்கப் பொறியாளர். மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆயினும் இதைவிடத் தொல்லை தரும் சிக்கல் ஒன்று உண்டு, அதைப் பலர் முதல் ஆண்டில் கவனிப்பதே இல்லை.

பிறந்த குழந்தையின் மூளை கனஅளவில் பெரியவர்களுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். புறணியின் தடிப்போ ஓரிரு மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் வோக்ஸலில் (படத்தின் மிகச் சிறிய கன அலகு) எடுத்த படத்தில், புறணியின் குறுக்கே ஒன்றோ இரண்டோ வோக்ஸல்கள்தான் நிற்கும். இனி உங்கள் டி2 படத்தில் புறணியின் வெளி விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூளைத் தண்டுவடத் திரவம் மிகவும் வெளுப்பு, புறணி கருப்பு, வெண்பொருள் இரண்டுக்கும் இடைப்பட்ட வெளுப்பு. திரவமும் புறணியும் ஒரே வோக்ஸலில் பாதிப் பாதியாகக் கலந்துவிட்டால், அந்த வோக்ஸலின் மதிப்பு இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும்; அதாவது அச்சு அசலாக வெண்பொருளின் மதிப்பு. வெளிச்சத்தை மட்டும் நம்பும் மென்பொருள், புறணிக்கு வெளியே, மூளையைச் சுற்றிலும் வெண்பொருளால் ஆன மெல்லிய தோல் ஒன்றை வரைந்து வைக்கும். உடற்கூற்றியல்படி அப்படியொன்று இருக்கவே முடியாது. ஆனால் கனஅளவுக் கணக்கில் அது சத்தமில்லாமல் சேர்ந்துவிடும்.

இந்தப் பிழையை அடையாளம் கண்டு திருத்தும் படிகளைக் கொண்டே குழந்தைகளுக்கான மென்பொருள்கள் எழுதப்பட்டுள்ளன. லண்டனின் கிங்ஸ் கல்லூரியும் இம்பீரியல் கல்லூரியும், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய வளரும் மனித மூளை இணைப்பு வரைபடத் திட்டம் (இனி டிஎச்சிபி என்கிறேன்) டிரா-இஎம் என்ற முறையைப் பயன்படுத்தியது. அது டி2 படத்தையே முதன்மையாகக் கொள்கிறது. அந்தந்த வாரத்துக்குரிய மாதிரி மூளையை முன்னறிவாக எடுத்துக்கொண்டு, 87 பகுதிகளைக் குறித்துத் தருகிறது. பிறப்பு முதல் 2 வயது வரையிலான மூளைக்கென ஃப்ரீசர்ஃபரின் தனி வடிவமும் 2020-இல் வந்திருக்கிறது. ஆனால் அது டி1 படத்தை அடிப்படையாகக் கொண்டது. உங்களிடம் நல்ல டி2 இருக்கும்போது அங்கே போக வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. குறைமாதக் குழந்தைகள் பல வாரங்கள் ஒருக்களித்தே கிடத்தப்படுவதால் அவர்களின் தலை நீண்டு, பக்கவாட்டில் தட்டையாகிவிடுவது உண்டு. மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே திரவமும் கூடுதலாக இருக்கும். நிறைமாதக் குழந்தைகளின் சராசரி உருவத்தோடு இவர்களைப் பொருத்தும்போது முதற்படியிலேயே வழுக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பொருத்தத்தைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த படிக்குச் செல்லாதீர்கள்.

காந்த அறை

நான் எம்ஆர்ஐ தொழில்நுட்பர். பகுப்பாய்வு செய்பவர்கள் படம் வானத்திலிருந்து விழுந்ததைப்போலப் பேசுவது எனக்கு எப்போதும் சிறு மனக்குறை. எனவே இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆய்வுக்காகப் பச்சிளங்குழந்தையைப் படமெடுக்கும்போது மயக்க மருந்து இல்லாமல் இயற்கை உறக்கத்தில் எடுக்கவே முயல்கிறோம். பாலூட்டி, துணியில் இறுகச் சுற்றி, காற்றை உறிஞ்சினால் கெட்டியாகும் மணிப்பையில் படுக்க வைப்போம். காதில் முதலில் பிசைந்த அடைப்பு, அதன்மேல் குழந்தைகளுக்கான காதுறை. இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு, உடல் வெப்பம் மூன்றும் முழு நேரமும் கண்காணிப்பில் இருக்கும். இயந்திரம் திடீரென்று முழங்கினால் குழந்தை திடுக்கிட்டு விழித்துவிடும். ஆகவே டிஎச்சிபி திட்டத்தில் ஒலியைப் படிப்படியாக ஏற்றும் ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். பெரியவர்களின் தலைச்சுருளில் குழந்தையை வைத்தால் தலைக்கும் உணர்கம்பிகளுக்கும் இடையே வெற்றிடம் விழுந்து சமிக்ஞை குறையும் என்பதால், பச்சிளங்குழந்தைக்கென்றே 32 தடங்கள் கொண்ட சுருள் ஒன்றையும் அவர்கள் வடிவமைத்தார்கள்.

இவ்வளவு செய்தும் குழந்தை அசையும். அதனால் டி2 படத்தை ஒரே கனமாக எடுக்காமல் தனித்தனித் துண்டங்களாக, ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி, இரண்டு திசைகளில் எடுப்பதே வழக்கம். டிஎச்சிபியில் துண்டத்தின் தளத்தில் 0.8 மில்லிமீட்டர், தடிப்பு 1.6 மில்லிமீட்டர், பிறகு அசைவைக் கணக்கிட்டுத் திருத்தி 0.5 மில்லிமீட்டர் கனமாக மீட்டுருவாக்கினார்கள். படிமவழி அவர்களே, உங்கள் கோப்புகளில் இருப்பது மீட்டுருவாக்கிய கனமா, தடித்த துண்டங்களா என்று முதலில் பாருங்கள். தடித்த துண்டங்கள் என்றால், கனச்சதுரம் சொன்ன கலப்பு மேலும் கீழுமாக இன்னும் மோசமாக இருக்கும்.

படிமவழி

மிக்க நன்றி. என்னிடம் இருப்பவை இரு திசைகளில் எடுத்த துண்டங்கள், மீட்டுருவாக்கம் செய்யவில்லை. அதை முதலில் முடிக்கிறேன். அந்த 'மெல்லிய தோல்' என் டி2 முடிவுகளில் அப்படியே இருக்கிறது.

அட்லஸ் பற்றிய கேள்வி மட்டும் நிற்கிறது. ஒருவர் 50 பகுதிகள் என்கிறார், ஒருவர் 90, இன்னொருவர் 100. ஒரே மூளைக்கு இத்தனை எண்ணிக்கைகள் எப்படி?

கனச்சதுரம்

அவை பிறந்த வழிகள் வேறு வேறு. ஆல்பர்ட்ஸ் எனப்படும் தொகுப்பு 2012-இல் வந்தது: 20 குழந்தைகளின் மூளைகளில் 50 பகுதிகளைக் கையால் வரைந்தார்கள். அவர்களில் 15 பேர் குறைமாதத்தில் பிறந்து நிறைமாத அளவில் படமெடுக்கப்பட்டவர்கள் என்பதால் உங்கள் தரவுக்கு அது நெருங்கிய உறவு. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் 2011-ஆம் ஆண்டுத் தொகுப்பு 95 குழந்தைகளைப் பிறப்பு, 1 வயது, 2 வயது எனத் தொடர்ந்து படமெடுத்து உருவாக்கியது. அதில் 90 பகுதிகள். மெல்போர்னிலிருந்து 2017-இல் வந்த எம்-கிரிப், நிறைமாதத்தில் பிறந்த 10 நலமான குழந்தைகளின் மூளையில் 100 பகுதிகளைக் கையால் வரைந்தது. பெரியவர்களுக்குப் பரவலாகப் பயன்படும் டெசிகன்–கிலியானி பகுப்பின் விதிகளையே எம்-கிரிப் பின்பற்றுவதால், இன்று குழந்தையாக இருப்பவரை நாளை பள்ளி வயதில் படமெடுத்து ஒப்பிடலாம். நெடுங்கால ஆய்வு என்றால் என் தேர்வு அதுதான்.

மடிப்பும் பள்ளமும்

நான் நரம்பு உடற்கூற்றியல் கற்பிப்பவள். 'ஒப்பிடலாம்' என்று கனச்சதுரம் அவர்கள் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்ட இடத்தில்தான் என் மறுப்பு.

90 பகுதிகள் கொண்ட அந்தத் தொகுப்பின் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் பாருங்கள். அவை பெரியவர்களுக்கான ஏஏஎல் பகுப்பிலிருந்து 2 வயதுக்கும், அங்கிருந்து 1 வயதுக்கும், அங்கிருந்து பிறந்த குழந்தைக்கும் கணினியால் வளைத்து இறக்கப்பட்டவை. 2002-இல் வெளியான அந்த ஏஏஎல் பகுப்பு, பலமுறை படமெடுத்துச் சராசரியாக்கிய ஒரே ஒரு மனிதரின் மூளையில் வரையப்பட்டது. வளர்ந்த ஆண் ஒருவரின் நெற்றி மடலில் எங்கோ போட்ட கோடு, மூன்று முறை வளைக்கப்பட்டு, பிறந்து சில நாளேயான குழந்தையின் புறணியில் வந்து அமர்ந்திருக்கிறது. அந்தக் கோட்டின் இருபுறமும் உள்ள கனஅளவை இரண்டு தசம இடத்துக்கு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கையால் வரைந்தவற்றுக்கும் எல்லை உண்டு. கோடுகள் பள்ளங்களை ஆதாரமாகக் கொள்கின்றன. 24 வாரத்தில் மூளையின் மேற்பரப்பு ஏறக்குறைய வழவழப்பானது. நடுப்பள்ளம் போன்ற முதன்மைப் பள்ளங்கள் முதலில் வருகின்றன, கிளைப் பள்ளங்கள் அதன்பின், மூன்றாம் நிலைப் பள்ளங்கள் கடைசி வாரங்களில் தொடங்கிப் பிறப்புக்குப் பிறகும் தொடர்கின்றன. குழந்தைக்குக் குழந்தை மிகவும் வேறுபடுபவையும் அவைதான். இன்னும் தோன்றாத பள்ளத்தை எல்லையாகக் கொண்ட பகுதியை எப்படி வரைவது? ஊகித்துத்தான். மேலும் 29, 30 வார அளவில் புறணிக்கு அடியில் சப்பிளேட் என்ற தற்காலிக அடுக்கு தடித்து நிற்கிறது. நரம்பிழைகள் புறணிக்குள் நுழையுமுன் காத்திருக்கும் இடம் அது. பெரியவர்களின் பகுப்பில் அதற்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாததால் மென்பொருள் அதை வெண்பொருளில் சேர்த்துவிடுகிறது.

உண்மையான எல்லை உயிரணு அடுக்குகளின் அமைப்பில் இருக்கிறது. எம்ஆர்ஐ அதைக் காட்டாது. சென்னை ஐஐடியின் மூளை ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட தரணி என்ற தொகுப்பு, இரண்டாம் மும்மாதக் கருக்களின் மூளைகளை 5,132 வெட்டுகளாக நுண்ணோக்கி அளவில் காட்டுகிறது. அதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு எம்ஆர்ஐ படத்துக்கு வந்தால், நாம் வரையும் கோடுகள் மீது தானாகவே அடக்கம் வரும்.

கனச்சதுரம்

அடக்கம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் உயிரணு எல்லை தெரியும்வரை காத்திருப்பதென்றால், உயிரோடு இருக்கும் எந்தக் குழந்தையின் மூளையையும் அளக்கவே முடியாது. பள்ளத்தை ஒட்டிய கோடு உயிரியல் உண்மை என்று நான் சொல்லவில்லை. இருவர் தனித்தனியே வரைந்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வரைவார்கள் என்றுதான் சொல்கிறேன். அளவீட்டுக்கு அந்த ஒத்திசைவு பெரிய சொத்து.

அதே நேரத்தில், இரண்டு வரைவுகள் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன என்று 0 முதல் 1 வரை எண்ணும் டைஸ் மதிப்பெண்ணைக் கண்மூடி நம்பக் கூடாது. இரண்டு வோக்ஸல் தடிப்புள்ள புறணிப் பட்டையை ஒரு வோக்ஸல் நகர்த்திப் பாருங்கள்: மதிப்பெண் 1-லிருந்து 0.5-க்கு விழும். 40 வோக்ஸல் தடிப்புள்ள ஒரு பட்டையை அதே ஒரு வோக்ஸல் நகர்த்தினால் 0.97-க்கு மேலேயே நிற்கும். பிழை ஒன்றே, தண்டனை வேறு. ஆகவே தாலமஸின் மதிப்பெண்ணையும் புறணியின் மதிப்பெண்ணையும் ஒரே அட்டவணையில் அடுக்கி 'தாலமஸ் நன்றாக வந்திருக்கிறது' என்று எழுதுவது பொருளற்றது. எல்லைகளுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீட்டரில் சேர்த்துக் கொடுங்கள்.

மடிப்பும் பள்ளமும்

அந்தக் கடைசிப் பத்தியோடு முழுவதும் உடன்படுகிறேன். மற்றதில் என் நிலை மாறவில்லை: நெற்றி மடலை மூன்றாகப் பிரிப்பதற்கு ஆதாரம் இருக்கிறது, பதினொன்றாகப் பிரிப்பதற்கு இந்த வயதில் ஆதாரம் போதாது.

இன்குபேட்டர் வாசல்

பச்சிளங்குழந்தை மருத்துவர் ஒருவரின் குறுக்கீடு. எங்கள் பிரிவில் நாங்கள் முதலில் கையிலெடுப்பது உச்சிக்குழி வழியாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்டைத்தான். கருவியைப் படுக்கைக்கே கொண்டுவரலாம். திரவம் நிறைந்த மூளை அறைகளுக்குள் இரத்தக் கசிவு இருக்கிறதா, அறைகள் விரிகின்றனவா என்பதற்கு அது போதும். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைக்கு 72 மணி நேரம் குளிரூட்டும் சிகிச்சை முடிந்தபின் எம்ஆர்ஐ எடுக்கும்போதும், நான் கதிரியல் மருத்துவரிடம் கேட்பது ஒன்றைத்தான்: இன்டர்னல் கேப்ஸ்யூலின் பின்பகுதியில் இருக்க வேண்டிய சமிக்ஞை இருக்கிறதா, இல்லையா? நிறைமாதக் குழந்தைக்கு அது இல்லாவிட்டால் பிற்காலத்தில் கைகால் இயக்கம் பாதிக்கப்படும் வாய்ப்பு மிக அதிகம். 100 பகுதிகளின் கனஅளவு என் முன்னே இருந்தால் நான் அதை வைத்துப் பெற்றோரிடம் என்ன சொல்வது?

வெண்ணிழல்

இன்றைய நிலையில், ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை. குறைமாதக் குழந்தைகளின் படத்தை நான் வாசிக்கும்போது, கணினியின் உதவியின்றி, இருபக்க மூளையின் அகலம், சிறுமூளையின் குறுக்களவு, மூளை அறைகளின் அகலம் ஆகியவற்றை அளந்து, 2013-இல் கிடோகோரோ குழுவினர் வெளியிட்ட மதிப்பீட்டு முறைப்படி எண்ணிடுகிறேன். தடுமாற்றம் குறைவு, ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் போதும்.

பகுதிவாரிக் கணக்கு இப்போது பேசுவது குழுக்களைப் பற்றி. குறைமாதத்தில் பிறந்தவர்களின் தாலமஸ், நிறைமாதக் குழந்தைகளுடையதைவிடச் சராசரியில் சிறியது என்பது போன்ற முடிவுகள் அந்த வழியில்தான் கிடைத்தன. ஒரு குழந்தைக்கு இதைப் பயன்படுத்த வேண்டுமானால், உயரத்துக்கும் எடைக்கும் இருப்பதைப் போன்ற வளர்ச்சி வரைகோடு மூளைக்கும் வேண்டும். 2022-இல் ஒரு பன்னாட்டுக் குழு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 1,23,984 ஸ்கேன்களைத் திரட்டி, கரு முதல் 100 வயது வரை அப்படியொரு வரைகோட்டை வெளியிட்டது. ஆயினும் வெவ்வேறு கருவி, வெவ்வேறு மென்பொருள் என்று வரும்போது வரைகோடு நகர்ந்துவிடுகிறது. ஒரு புள்ளி கீழே விழுந்தால் அது குழந்தையின் மூளையா, நம் மென்பொருளா என்று பிரித்தறிய முடியாத நிலையில் பெற்றோரிடம் வாய் திறப்பது அறமாகாது என்பது என் கருத்து.

தொடர்ந்து வாசிப்பவர்

ஒரு ஐயம். எல்லையை உருவத்தில் தேடாமல் செயல்பாட்டில் தேடினால் இந்தச் சண்டை தீராதா? மூளை இயங்கும்போது இரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ மூலம் ஒன்றாக இயங்கும் இடங்களை ஒரு பகுதியாகக் கொள்ளலாம் அல்லவா?

கனச்சதுரம்

கொள்ளலாம்; செய்தும் வருகிறார்கள். ஆனால் அங்கும் வயது வந்து நிற்கிறது. நரம்புச் செயல்பாட்டைத் தொடர்ந்து இரத்தத்தில் எழும் சமிக்ஞை, பச்சிளங்குழந்தையில் பெரியவர்களைவிடத் தாமதமாக உச்சம் தொடுகிறது, உயரமும் குறைவு. பெரியவர்களுக்கான மாதிரி வளைவை அப்படியே பொருத்தினால் இருக்கும் துலங்கலும் தவறிப்போகும். தொடு உணர்வு, இயக்கம், கேட்டல், பார்வை ஆகியவற்றின் பகுதிகள் பிறப்பிலேயே தெளிவாகப் பிரிகின்றன. உயர்நிலைச் சிந்தனையோடு தொடர்புடைய வலையமைப்புகள் அப்போது சிதறலாகவே தெரிகின்றன. மடிப்பும் பள்ளமும் அவர்கள் நெற்றி மடலைப் பற்றிச் சொன்னதற்கு இதுவும் ஒருவகையில் சாதகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

படிமவழி

எனக்குப் பாதை தெளிந்துவிட்டது. துண்டங்களை மீட்டுருவாக்கி, டி2-வை முதன்மையாகக் கொண்டு டிரா-இஎம் வழியே செல்கிறேன். ஆல்பர்ட்ஸ் பகுதிகளில் பள்ளத்தின் ஆதாரம் உறுதியாக உள்ளவற்றை மட்டும் தனித்தனியாகக் கொடுத்து, மற்றவற்றை மடல் அளவில் சேர்த்துவிடுகிறேன். கடைசிக் கேள்வி: எங்கள் குழந்தைகள் எல்லோரும் சரியாக 40 வாரத்தில் படமெடுக்கப்படவில்லை. 38 முதல் 43 வரை பரவியிருக்கிறார்கள். இதைப் புள்ளியியலில் ஒரு துணை மாறியாகச் சேர்த்தால் போதுமா?

கனச்சதுரம்

சேர்க்கத்தான் வேண்டும், போதுமா என்றால், போதாது. பிறந்த புதிதில் மூளையின் கனஅளவு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு வளர்வதாக 2014-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. 38-க்கும் 43-க்கும் இடையே 35 நாள். நீங்கள் தேடும் குழு வேறுபாட்டைவிட இது பெரிதாக இருக்கலாம். வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும் கணக்கை, முழு வாரத்துக்குச் சுருக்காமல், வாரமும் நாளுமாக எடுங்கள். பிறந்தபோது இருந்த வாரத்தைத் தனி மாறியாக வையுங்கள், ஏனென்றால் முன்கூட்டிப் பிறந்ததன் விளைவும் இன்றைய வயதின் விளைவும் வெவ்வேறு. எல்லாவற்றையும்விட முக்கியம், 38 வாரக் குழந்தைக்கு 38 வார மாதிரி மூளையையும், 43 வாரக் குழந்தைக்கு அதற்குரிய மாதிரியையும் கொடுப்பது. எல்லோரையும் 40 வார மாதிரிக்கு இழுத்தால், வயதால் வரும் பிழை பகுதி பிரிக்கும் படியிலேயே நுழைந்துவிடும். அதன்பின் எந்தத் துணை மாறியாலும் அதை வெளியேற்ற முடியாது.

வெண்ணிழல்

அதோடு ஒன்று: மீட்டுருவாக்கம் முடிந்ததும் இளையவர் இருவர், மூத்தவர் இருவர், அறைகள் விரிந்த குழந்தை ஒருவர் எனச் சிலரின் படங்களை மட்டும் எடுத்து, கோடுகளை மேலே போட்டு, மூன்று திசைகளிலும் ஒவ்வொரு துண்டமாக ஒரு கதிரியல் மருத்துவரோடு அமர்ந்து பாருங்கள். அறைகள் விரிந்த குழந்தையில், அறைச் சுவரை ஒட்டிய வெண்பொருளைத்தான் முதலில் பாருங்கள். திரவத்தின் வெளுப்பும் சேதமடைந்த வெண்பொருளின் வெளுப்பும் டி2-வில் ஒன்றாகத் தெரிவது அங்கேதான்.